அரைச்சாமி

முகத்துக்கு நேரே எல்லோரும் அவரை அண்ணன் என்றார்கள். முதுகுக்குப் பின்னால் அரைச்சாமி என்றார்கள். இரண்டு பெயரும் அவருக்குத் தெரியும். முதல் பெயர் தன் அன்பால் கிடைத்தது, இரண்டாவது பிறர் பொறாமையால் கிடைத்தது என்று அவர் நம்பினார். நம்புவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது, அதிலும் தன்னைப் பற்றி நல்லதாக எதையாவது நம்ப வேண்டுமென்றால் கேட்கவே வேண்டாம்.

பல்கலைக்கழகத்தின் கத்தோலிக்க மாணவர் பணிக்குழுவுக்கு அவர்தான் ஒருங்கிணைப்பாளர். நூலகத்துக்குப் பின்னால், ஜெனரேட்டர் அறையை ஒட்டினாற்போல ஒரு சின்னக் கோயில். அதன் பக்கத்து மாடிப்படிக்கு அடியில் அவருடைய அலுவலகம். கழுத்து உடைந்த ஒரு கிட்டார், போன வருடத்துத் தியானக் கூட்டத்தில் மீந்துபோன பெயர் அட்டைகள், உட்கார்ந்தால் ஒரு பக்கம் சாயும் நாற்காலிகள், இவைதான் அங்கே சொத்து. சுவரில் அவரே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிய வாசகம் ஒன்று இருந்தது: 'இளைஞனே, உன்னை ஒருவர் தேடுகிறார்.' தேடுகிறவர் ஆண்டவர் என்றுதான் அர்த்தம். ஆனால் அடியில் இருந்த தொலைபேசி எண் இவருடையது.

தலைக்குச் சாயம் பூசாமல் வந்தால் அவரை யாரும் அண்ணன் என்று கூப்பிட மாட்டார்கள், மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். அது அவருக்கும் தெரிந்ததால் சாயம் தவறுவதில்லை. உடுப்பு எப்போதும் முழங்காலுக்குக் கீழே இறங்கும் வெள்ளை நீளச் சட்டை. தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் சாமியார் என்று நினைத்து வணக்கம் சொல்வார்கள். கிட்டே வந்ததும் தெரிந்துகொண்டு அசடு வழிவார்கள். அந்தத் தூரத்து வணக்கத்துக்காகத்தான் சட்டைக்கு அத்தனை நீளம்.

ஒரு காலத்தில் அவர் உண்மையாகவே சாமியார் ஆகப் போனவர். குருமடத்தில் பல வருடம் படித்தார். குருப்பட்டம் வாங்கும் வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். ஏன் திரும்பினார் என்று கேட்டால், "இல்லற வாழ்க்கைக்கு ஆண்டவர் என்னை அழைச்சார்" என்பார். ஆண்டவர் அழைத்தாரோ இல்லையோ, குருமடத்து அதிபர் அழைத்தார். கூடப் படித்தவன் ஒருவன் அழுதுகொண்டே தன்னிடம் மட்டும் சொன்ன விஷயத்தை, இவர் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து, பெயர் சொல்லாமல், எல்லோருக்கும் புரிகிற மாதிரி கதையாகச் சொல்லியிருந்தார். அதிபர் கோபப்படக்கூட இல்லை. "உனக்குக் காது நல்லாத்தான் இருக்கு. வாய்க்குத்தான் மூடி இல்ல. பாவசங்கீர்த்தனத்துல அடுத்தவன் பாவத்தைக் கேக்குற வேலைக்கு அது சரிப்படாதுப்பா, வீட்டுக்குப் போ" என்றார்.

வீட்டுக்கு வந்து கல்யாணம் செய்துகொண்டார். மோதிரம் செய்யும்போது, பிஷப்புகள் போடுகிற மாதிரி அகலமாக, மேலே சிலுவை எழும்பி நிற்க வேண்டும் என்று பொற்கொல்லரிடம் அடம்பிடித்தார். அந்தச் சிலுவையின் ஓரம் எதிலும் மாட்டும். போர்வையில் மாட்டும், பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவர் துண்டில் மாட்டும். பிறகு விரல் பருத்துப்போய் மோதிரம் கழற்ற வராமல் நின்றுவிட்டது. அவர் மனைவி பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுப்பவர், தப்பான விடையைப் பார்த்தால் சும்மா விடுகிற பழக்கம் இல்லாதவர். குளியலறையில் கணவர் கண்ணாடி முன் நின்று கையை நீட்டிப் பாவமன்னிப்பு மந்திரம் சொல்வதை ஒருநாள் கதவுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டார்.

"யாருக்கு மன்னிப்பு குடுத்துட்டு இருந்தீங்க? ஷாம்பு பாட்டிலுக்கா?"

"பழைய ஞாபகம். சும்மா சொல்லிப் பார்த்தேன்."

"அதுக்கு நீங்க மன்னிச்சது இருக்கட்டும். ஈரத் துண்டைக் கட்டில்மேல போட்டதுக்கு நான் உங்களை இன்னும் மன்னிக்கல. சாமியாராவும் ஆகல, வீட்டு மனுசனாவும் ஆகல. அரையும் குறையுமா நின்னுட்டீங்க."

அரைச்சாமி என்ற பெயர் மாணவர்கள் வைத்தது. ஆனால் அதன் விதை அந்தக் குளியலறை வாசலில் விழுந்தது என்று நினைக்க இடமிருக்கிறது.

பணிக்குழுவில் அவர் வேலை என்னவென்றால் கூட்டம் சேர்ப்பது. புது மாணவர்கள் வந்து இறங்கிய வாரமே விடுதி வாசலில் நின்று சிரிப்பார். பலூன் ஊதுவார். கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருவரையொருவர் தொட்டுக் கண்டுபிடிக்கும் விளையாட்டு வைப்பார், அதற்கு 'நம்பிக்கை நடை' என்று பெயர் சொல்வார். மாணவர்கள் வருவார்கள். சிலர் தேநீருக்கும் பிஸ்கட்டுக்கும் வந்தார்கள், சிலர் பாட்டுக் குழுவில் இருக்கும் பெண்களைப் பார்க்க வந்தார்கள். சிலர் வீட்டை விட்டு வந்த ஏக்கம் தாங்காமல் எங்கேயாவது போய் உட்கார்ந்தால் போதும் என்று வந்தார்கள். அந்தக் கடைசி வகையை அவருக்கு அடையாளம் தெரியாது. சத்தமாகச் சிரிக்காதவர்களை அவர் கண் பார்ப்பதில்லை.

வாராவாரம் அவர் ஒரு பேச்சுப் பேசுவார். பேச்சின் நடுவில் கட்டாயம் ஓர் உண்மைச் சம்பவம் வரும். அந்தச் சம்பவங்கள் எல்லாம் தேய்ந்து நைந்துபோனவை. கடலில் தத்தளித்தவன் கையில் ஜெபமாலை தட்டுப்பட்ட கதையை அவர் ஆரம்பித்தாலே, கடைசி வருட மாணவர்கள் வாய்க்குள்ளேயே கூடச் சொல்வார்கள். "அப்போ அவன் கையில என்ன தட்டுப்பட்டுச்சு தெரியுமா?" என்று அவர் நிறுத்துவார். பின்வரிசையிலிருந்து, "சோப்பு டப்பா" என்று ஒரு குரல் வரும். கோயிலே சிரிக்கும், அவரும் சேர்ந்து சிரிப்பார். வீட்டுக்குப் போனபிறகு அது அவருக்கு வலிக்கும். புதிதாக ஒரு சம்பவம், நெஞ்சை உலுக்குகிற மாதிரி ஒன்றே ஒன்று கிடைத்தால் போதும் என்று ஏங்குவார்.

இன்னொரு வலியும் இருந்தது. கோயிலுக்கு ஆன்ம குரு என்று ஒரு வயதான ஃபாதர் இருந்தார். பூசையில் பிரசங்கத்தைப் புத்தகத்தைப் பார்த்து முணுமுணுப்பார். முதல் வரிசைக்கே கேட்காது. மாணவர்களிடம் எப்படிப் பேசுவது என்றே அவருக்குத் தெரியாது. எதிரே வந்தால், "சாப்டியா?" என்பார், பதில் வருவதற்குள் நகர்ந்துவிடுவார். ஆனால் ஈஸ்டருக்கு முன்னால் தவக்காலம் வந்து பாவசங்கீர்த்தனம் என்று அறிவித்துவிட்டால், பலூன் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள்கூட அந்த முணுமுணுப்புக்கு முன்னால் சத்தமில்லாமல் வரிசையில் நிற்பார்கள். ஆட்டம் பாட்டத்துக்கு அண்ணன், அழுவதற்கு ஃபாதர். இது என்ன நியாயம் என்று அரைச்சாமி மனதுக்குள் பொருமினார்.

கோயிலில் இருந்த பழைய பாவசங்கீர்த்தனத் தொட்டி என்கிற மரக்கூண்டைக் கரையான் தின்றுவிட்டது. அதனால் மாணவர் சுகாதார மையத்திலிருந்து, ஊசி போடுகிற இடத்தில் நிறுத்தும் துணித் திரை ஒன்றை வாங்கிவந்து மூலையில் வைத்திருந்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் ஃபாதருக்கு ஒரு நாற்காலி, சின்ன விளக்கு. இந்தப் பக்கம் மண்டியிட ஒரு பலகை. விளக்கு எரிந்தால் ஃபாதர் இருக்கிறார் என்று அர்த்தம். எல்லோருக்கும் தெரிந்த வழக்கம் அது.

அந்தத் தவக்காலத்தில் ஒரு சாயங்காலம். நாலைந்து பேர் வரிசையில் இருக்கும்போதே ஆஸ்பத்திரியிலிருந்து ஃபாதருக்கு அழைப்பு வந்தது. யாரோ சாகக் கிடக்கிறார், எண்ணெய் பூசி ஜெபிக்க வேண்டும். ஃபாதர் எண்ணெய்ச் சிமிழை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"ஏம்ப்பா, நான் வர நேரமாகும். நிக்கிற பசங்ககிட்ட நாளைக்கு வரச் சொல்லிடு. விளக்கை அணைச்சிடு."

அரைச்சாமி பசங்களிடம் சொன்னார். போய்விட்டார்கள். விளக்கை அணைக்கத் திரைக்குப் பின்னால் போனார். நாற்காலி காலியாக இருந்தது, அதன் முதுகில், பாவசங்கீர்த்தனம் கேட்கும்போது ஃபாதர் கழுத்தில் போடும் ஊதா ஸ்டோல் தொங்கியது. சும்மா ஒரு தடவை உட்கார்ந்து பார்ப்போமே என்று உட்கார்ந்தார். ஸ்டோலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வாழ்நாள் முழுக்க அந்த நாற்காலிக்கு ஏங்கிய மனிதர் அதில் உட்கார்ந்து கண்ணை மூடியதைக்கூட ஒருவர் மன்னிக்கலாம். அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் மன்னிக்க முடியாதது.

பலகை கிறீச்சிட்டது. யாரோ மண்டியிட்டார்கள்.

வந்தவன் நெட்டை. கட்டிடக்கலை படிப்பவன், பாட்டுக் குழுவில் கீபோர்டு வாசிப்பவன். மாதிரிக் கட்டிடம் ஒட்டிக்கொண்டிருந்ததில் நேரமாகிவிட, விரலில் பசை காயாமலே ஓடிவந்திருந்தான். விளக்கு எரிவதைப் பார்த்தான். நல்லவேளை, ஃபாதர் இருக்கிறார் என்று மண்டிபோட்டான்.

"ஃபாதர், நான் பாவி. என்னை ஆசீர்வதிங்க."

இந்த இடத்தில் ஒரு மனிதன் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்: 'தம்பி, நான் ஃபாதர் இல்ல.' அரைச்சாமியும் வாயைத் திறந்தார். திறந்த வாயிலிருந்து வந்தது ஒரு முணுமுணுப்பு, அச்சு அசல் ஃபாதரின் முணுமுணுப்பு.

"சொல்லுப்பா."

நெட்டை சொன்னான். அவனுக்கு ஒரு தம்பி. பிறந்ததிலிருந்தே மூளை வளர்ச்சி குறைவு, பேச்சு தெளியாது. யாரைப் பார்த்தாலும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்வான், சத்தமாகச் சிரிப்பான், பாட்டில் மூடிகளைச் சட்டைப் பையில் நிரப்பிவைத்துக் குலுக்குவான். நெட்டை பல்கலைக்கழகத்துக்கு வந்ததும், வீட்டுக்குத் தான் ஒரே பிள்ளை என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தான். ஒருநாள் அவன் அம்மா, சொல்லாமல் கொள்ளாமல், தம்பியையும் கூட்டிக்கொண்டு விடுதி வாசலில் வந்து நின்றாள். அப்போது அவன்கூட நண்பர்கள் இருந்தார்கள். இது யாருடா என்று கேட்டார்கள்.

"பக்கத்து வீட்டுப் பையன்னு சொல்லிட்டேன் ஃபாதர். அம்மாவுக்குத் துணைக்கு வந்திருக்கான்னு. அவன் என்னைப் பார்த்து அண்ணா அண்ணான்னு கத்துறான். நான் கையை உதறிட்டேன். அம்மா கேட்டுட்டுத்தான் நின்னாங்க. ஒண்ணும் சொல்லல. குனிஞ்சு அவன் சட்டைப் பொத்தானைக் கழற்றித் திரும்பப் போட்டுவிட்டாங்க. அது ஏற்கெனவே சரியாத்தான் இருந்துச்சு ஃபாதர்."

திரைக்கு அந்தப் பக்கம் அழுகை வந்தது. இந்தப் பக்கம் அரைச்சாமிக்கும் கண் கலங்கியது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் கலங்கிய கண்ணோடே, 'இதுதான், இதுதான் அந்தச் சம்பவம்' என்று உள்ளே ஒன்று துள்ளியது, அதையும் மறுப்பதற்கில்லை.

"பெற்றோர் ஞாயிறு வருதுல்ல, அதுக்கு அம்மாவையும் தம்பியையும் கூப்பிடு. பூசை முடிஞ்சு எல்லாரும் டீ குடிக்கும்போது, என் தம்பின்னு நீயே சொல்லு. உன் வாயால சொல்லு. அதுதான் உனக்குப் பரிகாரம்" என்று முணுமுணுத்தார்.

நல்ல பரிகாரம். உண்மையான ஃபாதரே அதைவிட நல்லதாகச் சொல்லியிருக்க மாட்டார். அரைச்சாமி தன் வாழ்க்கையிலேயே கொடுத்த ஒரே நல்ல ஆலோசனை, கொடுக்க உரிமையில்லாத நாற்காலியில் இருந்து கொடுத்ததாகப் போனது. அத்தோடும் நிற்கவில்லை. மந்திரம் நாக்கு நுனியில் இருந்தது. திரையின் ஓரமாகக் கையை நீட்டி, பையன் தலைமேல் வைத்து, கண்ணாடிக்குச் சொன்னதை எல்லாம் ஒரு எழுத்து விடாமல் சொன்னார். கையை எடுக்கும்போது மோதிரத்துச் சிலுவையில் பையனின் முடி சிக்கி இழுபட்டது. அவன் தலையைச் சாய்த்து விடுவித்துக்கொண்டு, "நன்றி ஃபாதர்" என்று எழுந்து போனான். போகும்போது அவன் நடையே மாறியிருந்தது.

ஃபாதர் அல்லாதவர் அப்படிச் செய்வது திருச்சபையில் எவ்வளவு பெரிய குற்றம் என்று, குருமடத்தில் அத்தனை வருடம் இருந்தவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஒரு வாரம் போயிற்று, ஒன்றும் நடக்கவில்லை. பையன் சந்தோஷமாக இருக்கிறான், யாருக்கு என்ன நஷ்டம் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார்.

பெற்றோர் ஞாயிறு வந்தது. கோயில் நிரம்பி வழிந்தது. பூசையில் நற்கருணை கொடுத்து முடிந்ததும் ஒருங்கிணைப்பாளர் பேசுவது வழக்கம். அரைச்சாமி மைக்கைப் பிடித்தார்.

"கெமிஸ்ட்ரி படிக்கிற ஒரு பையனைப் பத்தி இன்னைக்குச் சொல்லப் போறேன்" என்று ஆரம்பித்தார். கட்டிடக்கலையைக் கெமிஸ்ட்ரி ஆக்கியது ஒன்றுதான் ரகசியத்தைக் காப்பாற்ற அவர் எடுத்துக்கொண்ட சிரமம். விடுதி வாசல், பக்கத்து வீட்டுப் பையன், உதறிய கை, சட்டைப் பொத்தான், எல்லாம் வந்தது. பாட்டில் மூடிகூட வந்தது. கோயிலில் ஈ பறந்தால் கேட்கும். பின்வரிசையில் சோப்பு டப்பா என்று சொல்ல ஆளில்லை. அம்மாக்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்கு ஒரு கதை பலித்துவிட்டது. தலைகால் புரியாமல் போயிற்று.

அவர் நிறுத்த நினைத்த இடம் வேறு. 'அந்தப் பையன் சொன்னானா இல்லையா என்று எனக்குத் தெரியாது' என்று முடிப்பதாகத்தான் திட்டம். ஆனால் மூன்றாவது வரிசையில் ஓர் அம்மாவும், அவள் தோளில் சாய்ந்து சட்டைப் பையைக் குலுக்கிக்கொண்டிருந்த ஒரு பையனும் கண்ணில் பட்டார்கள். வாய்க்குத்தான் மூடி இல்லையே.

"அந்த அண்ணன் இன்னைக்கு இங்கதான் இருக்கான். தம்பியும் வந்திருக்கான். நம்ம எல்லாரும் அவங்களுக்கு ஒரு கைதட்டு குடுக்கலாமா?"

கீபோர்டில் பின்னணி இசைத்துக்கொண்டிருந்த நெட்டையின் விரல் ஒரு கட்டையில் அப்படியே நின்றது. ஒற்றைச் சத்தம் எழுந்து நின்று போகவே மாட்டேன் என்றது. தலைகள் கீபோர்டுப் பக்கம் திரும்பின, அங்கிருந்து மூன்றாவது வரிசைக்குத் திரும்பின. விடுதி வாசலில் அன்றைக்கு நின்ற நண்பர்களுக்குக் கெமிஸ்ட்ரியாவது ஒன்றாவது. கைதட்டல் எழுந்தது. எல்லோரும் தட்டுகிறார்களே என்று தம்பியும் தட்டினான், எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டினான்.

அந்த அம்மா பூசை முடியும்வரை எழுந்து போகவில்லை. இறுதி ஆசீர் வாங்காமல் கோயிலை விட்டு இறங்குகிற பழக்கம் அவளுக்கு இல்லை. ஆசீர் முடிந்ததும் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, தேநீர் மேசையைத் தாண்டி, நேரே வெளியே போய்விட்டாள். நெட்டை தன் வாயால் சொல்வதற்காக எத்தனையோ நாள் மனதுக்குள் ஒத்திகை பார்த்துவைத்த இரண்டு வார்த்தை அவன் வாயிலேயே தங்கிவிட்டது.

அவன் நேரே பூசை உடுப்பு மாற்றும் அறைக்கு வந்தான். ஃபாதர் உடுப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அரைச்சாமி அதை வாங்கி மடித்துக்கொண்டிருந்தார்.

"உங்ககிட்ட மட்டும்தான் ஃபாதர் சொன்னேன். வேற ஒரு உயிருக்குத் தெரியாது. பாவசங்கீர்த்தனத்துல சொன்னதை எப்படி நீங்க இவர்கிட்ட சொல்லலாம்?"

ஃபாதர் அவனை நிமிர்ந்து பார்த்தார். அவன் தன்னிடம் வரவேயில்லை என்று அவருக்குத் தெரியும். 'நீ என்னிடம் வரவில்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் தப்பித்துவிடுவார். ஆனால் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று ஒரு குரு பேச ஆரம்பித்தால், அந்தத் திரைக்கு முன்னால் இனி யார் மண்டிபோடுவார்கள்? பேசாதவர் பேசாமலே இருந்தார். நெட்டை கதவைச் சாத்திக்கொண்டு போனான். அதற்குப் பிறகுதான் ஃபாதர் திரும்பினார்.

"ஏம்ப்பா, அந்தக் கதை உனக்கு எங்கிருந்து வந்துச்சு?"

"அது... பேச்சுவாக்குல யாரோ சொன்னது ஃபாதர். யோசிச்சுச் சொல்றேன்."

"யோசிச்சுச் சொல்லு."

அரைச்சாமி மடித்த உடுப்பைப் பிரித்து மறுபடியும் மடித்தார்.

யோசித்தார். நன்றாகவே யோசித்தார். சொன்னால் வேலை போகும், மானம் போகும், அண்ணன் என்ற பெயரும் போகும். சொல்லாவிட்டால் தூக்கம் போகிறது. அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அவர் திரைக்கு முன்னால் போய் மண்டிபோட்டார். எல்லாவற்றையும் ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனமாகச் சொல்லி, குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"இதை வெளியில வச்சு என்கிட்ட சொல்லியிருக்கலாமேப்பா" என்றது முணுமுணுப்பு.

அவ்வளவுதான் விஷயம். வெளியில் சொல்லியிருந்தால் ஃபாதர் நாலு பேரிடம் கேட்கலாம், விசாரிக்கலாம், பையனிடம் உண்மையைச் சொல்லச் செய்யலாம். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை ஒரு குரு உயிரே போனாலும் வெளியிடக் கூடாது, அதில் சொன்னதால் இனி அவர் இந்த விஷயத்தில் வாயைத் திறக்கவே முடியாது. அவர் வாய்க்குப் பூட்டுப் போட்டு, சாவியைத் தன் கண்ணீரோடு சேர்த்து அரைச்சாமி விழுங்கிவிட்டார். தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்று கேட்டால், குருமடத்தில் படித்தவர் என்பதுதான் என் பதில்.

"அந்தப் பையன்கிட்ட போய் நீயே சொல்லிட்டு வா. அப்புறம் மன்னிப்பு தர்றேன்."

"கண்டிப்பா ஃபாதர். நாளைக்கே."

அந்த நாளை வரவில்லை. திரைப் பக்கமும் அவர் அதற்குப் பிறகு போகவில்லை.

பாவசங்கீர்த்தன ரகசியம் வெளியே போய்விட்டது என்ற பேச்சு விடுதி விடுதியாகப் பரவியது. பிஷப்பின் மறைமாவட்ட அலுவலகத்திலிருந்து ஒருவர் விசாரிக்க வந்தார். ஃபாதரைக் கேட்டார். "சொல்றதுக்கு எதுவும் இல்ல" என்றார் ஃபாதர். அரைச்சாமியைக் கேட்டார். மாணவர்களுக்குள்ளே அடிபட்ட பேச்சுதான், யார் காதில் முதலில் விழுந்தது என்று தெரியாது என்று பூசி மெழுகினார். குற்றம் நிரூபணம் ஆகவில்லை, ஆனால் வயதாகிவிட்டது, ஓய்வு எடுக்கட்டும் என்று ஃபாதரை முதிய குருக்கள் இல்லத்துக்கு அனுப்பினார்கள். வழியனுப்பும் கூட்டத்தில் அரைச்சாமிதான் பேசினார். ஃபாதரின் மௌனத்தைப் பற்றி உருக்கமாகப் பேசினார். ஃபாதர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேசி முடித்து இவர் கை கொடுத்தபோது, "அந்தப் பையன் நல்லா இருக்கானா?" என்று மட்டும் கேட்டார்.

"அவருக்கு உடம்பு முடியல, அனுப்பிட்டாங்க" என்று அரைச்சாமி வீட்டில் சொன்னார்.

"உடம்பு முடியாதவர் பெட்டியைத் தானே தூக்கிட்டுப் போனாரே" என்றார் மனைவி. மேற்கொண்டு கேட்கவில்லை, ஆனால் அன்றைக்கு அவருக்குச் சோறு போடும்போது முகத்தைப் பார்க்கவில்லை.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. புது ஃபாதர் வந்தார், விளக்கை ஏற்றிவிட்டு உட்கார்ந்தார், ஒருவரும் வரவில்லை. வரவேண்டியவர்கள் எல்லாம் மாடிப்படிக்கு அடியில் இருந்த அலுவலகத்துக்கு வந்தார்கள். "அண்ணா, சாமியார்களை நம்ப முடியல. உங்ககிட்டயே பேசிக்கிறோம்" என்றார்கள். அலுவலக வாசலில் பெஞ்சு போட வேண்டியதாயிற்று. வாழ்நாளெல்லாம் ஆசைப்பட்ட வரிசை அவர் வாசலில் நின்றது. அவருக்குக் கூச்சமாக இருந்ததா என்றால், முதல் வாரம் இருந்தது.

அந்த வரிசையில் ஒருநாள் நெட்டையும் வந்து உட்கார்ந்தான். பாட்டுக் குழுவை விட்டிருந்தான். பூசைக்கும் வருவதில்லை. ஆள் இளைத்திருந்தான். அவன் உள்ளே வந்து சாயும் நாற்காலியில் உட்கார்ந்தான். இதோ, சொல்வதற்கு ஆள் வீடு தேடி வந்திருக்கிறான். கதவும் சாத்தியிருக்கிறது. 'நான்தான்' என்று ஒரே ஒரு சொல்.

"வீட்டுக்குப் போகவே பிடிக்கலண்ணா" என்றான் நெட்டை. "அம்மா ஒண்ணும் கேக்கல. அதான் தாங்கல. எனக்கு அவர்மேல இருக்குற கோபம் போகவே மாட்டேங்குது. அவர்தானே உங்ககிட்ட சொன்னாரு? நீங்க வேணும்னு செஞ்சிருக்க மாட்டீங்க, எனக்குத் தெரியும்."

அரைச்சாமி எழுந்தார். மேசையைச் சுற்றி வந்தார். முகத்தைக் கனிவாக்கிக்கொண்டார்.

"அவரை மன்னிச்சிடுப்பா. வயசானவர். ஆண்டவரே எல்லாரையும் மன்னிக்கிறாரு, நாம மன்னிக்கக் கூடாதா?"

சொல்லிவிட்டார். நாக்கு கூசவில்லை. நெட்டை தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

"சரிண்ணா. எனக்காக ஒரு ஜெபம் சொல்லுங்க."

கேட்ட மாத்திரத்தில் கை தானாக நீண்டது. பையன் தலைமேல் உட்கார்ந்தது. கண்ணை மூடி, குரலைத் தாழ்த்தி, மனம் உருக ஜெபித்தார். ஜெபத்தைப் பொறுத்தவரை குறை சொல்ல எதுவுமில்லை. முடித்துக் கையை எடுத்தார். வரவில்லை. மோதிரத்துச் சிலுவையில் முடி சிக்கிக்கொண்டிருந்தது.

நெட்டை தலையைச் சாய்த்தான், அன்றைக்குப் போலவே. சாய்த்த தலையை நிமிர்த்தவில்லை. பிறகு மெதுவாகக் கையை உயர்த்தி, தன் தலைமேல் இருந்த விரலையும் விரலில் இருந்த மோதிரத்தையும் தடவிப் பார்த்தான். முடியைத் தானே பிரித்தெடுத்தான். நிமிர்ந்தான்.

"ஃபாதர் மோதிரம் போடுறதில்லையேண்ணா."

அரைச்சாமி கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"அப்போ அன்னைக்கு எனக்கு மன்னிப்பும் கிடைக்கல" என்றான் நெட்டை. கேள்வியாகக் கேட்கவில்லை. "அவரு ஏன் சொல்லல? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

அதற்குப் பதில் அந்த அறையில் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் சாயும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

நெட்டை கத்துவான், கழுத்தைப் பிடிப்பான் என்று அவர் காத்திருந்தார். அவன் மேசையில் கிடந்த ஒரு பெயர் அட்டையை எடுத்துத் திருப்பி, பேனாவோடு அவர் முன்னால் வைத்தான்.

"அவர் இப்ப இருக்குற இடத்தோட விலாசம் எழுதுங்க. அம்மாவையும் தம்பியையும் கூட்டிட்டுப் போகணும். அவர் கால்ல விழணும்."

எழுதினார். ஒரு வரியை அடித்துத் திரும்ப எழுதினார். நெட்டை அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தான். பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வரிசையில் அடுத்தவள் எழுந்தேவிட்டாள். அரைச்சாமி பதறிப்போய், "தம்பி, நானே எல்லார்கிட்டயும்..." என்று ஆரம்பித்தார்.

நெட்டை வாசலிலேயே நின்று திரும்பினான்.

"வேண்டாம்ணா" என்றான். "இந்தத் தடவை நானே சொல்லிக்கிறேன்."